நூல் வந்தது, ஊசி வரவில்லை

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் நடந்தது இது. ஒரே முற்றத்தைச் சுற்றி நான்கைந்து குடித்தனங்கள் இருந்த வீடு. எங்களுக்கு ஒரு அறையும் அதை ஒட்டிச் சின்னதாக ஒரு சமையல்கட்டும். கிணறும் துணி உலர்த்துகிற கொடியும் எல்லோருக்கும் பொது. என் கணவருக்கு மல்லாட்டை மண்டியில் வேலை. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பங்குனி பிறந்துவிட்டால் மனிதர் வீட்டில் தங்கமாட்டார். விடியும்போதே கிளம்பி ஒலக்கூர் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், களத்திலேயே காயைப் பார்த்து, மூட்டை கட்ட வைத்து, வண்டியில் ஏற்றிவிட்டு இருட்டிய பிறகுதான் வருவார். எந்த நேரத்தில் எந்த ஊரில் இருப்பார் என்று மண்டியில் கேட்டாலும் சொல்ல முடியாது.

அந்தப் பங்குனியில் கோலியனூரில் என் நாத்தனார் புது வீடு கட்டி முடித்திருந்தார். சித்திரையில் வைத்திருந்த கிரகப்பிரவேசம் நெருங்கிக்கொண்டிருந்தது. சீர்வரிசையெல்லாம் என் மாமனார் பார்த்துக்கொள்வார். ஆனாலும் என் கையால் ஏதாவது செய்து கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எனக்குத் தெரிந்த கைவேலை ஒன்றுதான். அடுப்படிக்குப் பிடிதுணி தைப்பேன்.

பிடிதுணி என்றதும் கிழிந்த வேட்டித் துண்டைக் கசக்கிப் பிடிப்பதை நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் தைப்பது இரண்டு உள்ளங்கை அகலத்தில் சதுரமாக இருக்கும். பழைய கோணிச் சாக்கை வெட்டி, ஊறவைத்து, அடித்துத் துவைத்து, மெத்தென்று ஆனதும் அதை நடுவில் வைப்பேன். மேலும் கீழும் நைந்துபோன பருத்திப் புடவையில் இரண்டு மூன்று மடிப்பு. ஓரத்தை உள்ளே மடக்கி, சிவப்பு நூலால் நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டு, ஒரு மூலையில் ஆணியில் மாட்ட ஒரு காது வைப்பேன். கொதிக்கிற பாத்திரத்தை அதைப் பிடித்து இறக்கலாம். இறக்கிய பாத்திரத்துக்கு அடியிலும் அதையே வைக்கலாம். வைக்கோல் பிரிமணை மாதிரி உதிராது, கரி பிடித்தால் துவைத்துக்கொள்ளலாம். என் வீட்டில் அதைப் பார்த்துவிட்டு நாத்தனார் ஒருமுறை, "எனக்கும் ரெண்டு தச்சுக் குடேன்" என்று கேட்டிருந்தார். ஒரு கட்டே தைத்துக் கொண்டுபோய் அசத்த வேண்டும் என்று, கிடைத்த நேரமெல்லாம் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

என் மூத்த மகன் அப்போது தவழ்கிற குழந்தை. கீழே எது கிடந்தாலும் அது அவன் வாய்க்குத்தான் போகும்.

இங்கே பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கணவர் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர். அக்கா வீட்டிலேயே மல்லாட்டை உடைத்துக் கொடுப்பார். நாள் முழுவதும் முற்றத்து ஓரத்தில் மூட்டையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பேசியபடியே தோலை உடைத்துப் பருப்பைத் தள்ளிக்கொண்டிருப்பார். நான் அங்கே குடிவந்த புதிதில் எங்களுக்குள் நல்ல ஒட்டுதல். என் பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டதே பல நாள் அவர்தான்.

அதற்கு முந்தைய மாதம் ஒருநாள் கொடியில் நான் போட்ட ஈரப் புடவை காற்றில் சரிந்து, கீழே அவர் பாயில் காயவைத்திருந்த கூழ் வடகத்தின் மேல் விழுந்துவிட்டது. பாதி வடகம் கரைந்து போயிற்று. "கண்ணு தெரியலியா உனக்கு?" என்று அவர் கேட்டார். "கொடிக்குக் கீழதான் வடகம் போடணுமா?" என்று நான் கேட்டேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை வளர்ந்து, கடைசியில் பேச்சே நின்றுபோனது. கிணற்றடியில் அவர் வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நான் வந்தால் அவர் வாளியைச் சத்தமாக வைத்துவிட்டுப் போவார். பிள்ளை மட்டும் ஒன்றும் தெரியாமல் அவர் வாசற்படியைப் பார்த்துத் தவழ்ந்துகொண்டே போகும். நான் ஓடிப்போய்த் தூக்கி வந்துவிடுவேன்.

அன்று காலை பத்து மணி இருக்கும். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அறைக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பக்கத்தில் பாயில் ஒரு மரக் கிலுகிலுப்பையை வைத்துக்கொண்டு தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தான். புஸ்ஸென்று சத்தம் கேட்டது. பால் பொங்கி அடுப்பில் வழிகிறது. எழுந்து ஓடினேன். பாலை இறக்கி, நெருப்பைத் தணித்து, வழிந்ததைத் துடைத்துவிட்டுத் திரும்பினால், பிள்ளை பாயை விட்டு நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்திருந்தான். துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு எதையோ மென்றுகொண்டிருந்தான். வாயோரம் ஒரு முழம் சிவப்பு நூல் தொங்கியது. எச்சில் மோவாயில் வழிந்தது. அந்த எச்சிலிலும் சிவப்பு.

பாய்ந்து போய் நூலைப் பிடித்து மெல்ல இழுத்தேன். நூல் வந்தது. முழுசாக வந்தது. ஊசி வரவில்லை.

வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. பிள்ளை ஓங்கரித்து இருமினான். விரலை எடுத்தபோது நகத்தில் ரத்தம். மடியை உதறினேன், பாயை உதறினேன், தைத்து வைத்திருந்த பிடிதுணிகளை ஒவ்வொன்றாக உதறினேன். ஊசி எங்கேயும் இல்லை. அதற்குப் பிறகு நான் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

முன்கட்டிலிருந்து வீட்டுக்காரம்மா ஓடிவந்தார். அந்த வீட்டின் சொந்தக்காரர் மனைவி. கனத்த உடம்பு, கனத்த குரல். என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவர் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

"ஏ பொண்ணே, அழுதுகினு நின்னா ஆவுமா? புள்ளையத் தூக்கு. ஜல்தியா கெளம்பு. நானும் வர்றேன்."

வீட்டைப் பூட்டக்கூடத் தோன்றவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தைத் தாண்டும்போது, பக்கத்து வீட்டு அக்கா தன் வாசற்படியில் நிற்பதைப் பார்த்தேன். கையில் மல்லாட்டைத் தூசி அப்படியே இருந்தது. ஒரு அடி முன்னால் வைத்தார். பிறகு நின்றுவிட்டார். இந்த நேரத்தில்கூட வந்து என்ன என்று கேட்கவில்லையே என்று ஒரு கசப்பு எனக்குள் ஓடியது. அதை நினைத்துக்கொண்டிருக்கவும் நேரமில்லை. வாசலில் ஜட்கா வந்து நின்றது.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். முதுகிலும் வயிற்றிலும் குழலை வைத்துக் கேட்டார். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் இல்லை என்றார். ஊசி உள்ளே போயிருந்தால் எங்கே இருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும், விழுப்புரத்துக்குக் கொண்டுபோங்கள் என்று சொன்னார். கிளம்பும்போது என்னை நிறுத்தி, "போற வழியில பால், தண்ணி எதுவும் குடுத்துடாதீங்கம்மா. ஒரு சொட்டுகூட வேணாம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் அன்றைக்கு என்னைச் சித்திரவதை செய்தது.

பஸ் கிளம்பிக் கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் பிள்ளைக்குப் பால் குடிக்கிற நேரம் வந்துவிட்டது. முதலில் சிணுங்கினான். பிறகு என் மாராப்பைப் பிடித்து இழுத்தான். நான் கையை விலக்க விலக்க முகத்தை நெஞ்சில் வைத்து முட்டினான். அவனுக்கு என்ன தெரியும்? கேட்டபோதெல்லாம் கொடுத்த அம்மா இன்று ஏன் தள்ளுகிறாள் என்று புரியாமல் என் முகத்தையே பார்த்துப் பார்த்து அழுதான். எனக்கோ மார் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் மரக்காணத்துப் பக்கத்து அம்மா ஒருத்தி கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். "ஏம்மா, புள்ள பசிக்கு அழுவுது, பால் குடேன்" என்றாள். வீட்டுக்காரம்மா விஷயத்தைச் சொன்னதும் அவள் விழுப்புரம் வரும்வரை முந்தானையால் பிள்ளைக்கு விசிறிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்காரம்மா எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஊசி விழுங்கிய பிள்ளைகள், காசு விழுங்கிய பிள்ளைகள், புளியங்கொட்டை விழுங்கிய பிள்ளைகள் என்று கதை கதையாகச் சொன்னார். எல்லாப் பிள்ளைகளும் பிழைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கதையின் நடுவிலும் "ஊசின்னா கொஞ்சம் பேஜாருதான்" என்று ஒரு வரி வந்துகொண்டிருந்தது. எனக்குக் காதில் விழுந்தது அது மட்டும்தான்.

விழுப்புரத்தில் இருந்தது ஒரு இளவயது லேடி டாக்டர். பொறுமையாகக் கேட்டார். எக்ஸ்ரே எடுக்க உள்ளே கொண்டுபோனார்கள். இருட்டு அறை, பெரிய கருப்பு இயந்திரம், முன்பின் தெரியாத ஆட்கள். பசியில் இருந்த பிள்ளை மிரண்டு துள்ளினான். நான் கையைப் பிடித்தால் கால் உதறியது. காலைப் பிடித்தால் உடம்பு முறுக்கியது. எப்படியோ எடுத்து முடித்தார்கள்.

வெளியில் பெஞ்சில் காத்திருந்தோம். வெகுநேரம் கழித்து டாக்டர் அந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். எனக்கு அது புகை மாதிரித்தான் தெரிந்தது.

"குழந்தை ஆடிட்டதால கலங்கிப் போயிருக்கு. இங்க ஒரு கோடு மாதிரி தெரியுது பாருங்க. ஊசியாவும் இருக்கலாம், ஆடினதால வந்ததாவும் இருக்கலாம். இந்த இடத்துல இருந்தா நாம சும்மா இருக்கக் கூடாது. மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். அங்க குழாய் விட்டுப் பார்த்து எடுப்பாங்க. சாயங்கால ரயிலைப் பிடிச்சிடுங்க."

"அதுவரைக்கும் பாலு?" என்று கேட்டேன்.

அவர் என் தோளில் கைவைத்தார். "வேணாம்மா" என்றார்.

மெட்ராஸ் எனக்குத் தெரியாத ஊர். கணவர் எந்தக் களத்தில் நிற்கிறாரோ தெரியாது. ரயில் நேரம் விசாரித்து வரவும், மண்டிக்குத் தந்தி கொடுக்கவும் வீட்டுக்காரம்மா ஸ்டேஷனுக்குப் போனார். நான் மட்டும் அந்த நீள நடையில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை அழுது அழுது குரல் கம்மி, என் தோளில் விக்கிக்கொண்டு கிடந்தான். ஒவ்வொரு விக்கலுக்கும் அந்த ஊசி எங்கே நகர்கிறதோ என்று அவனை அசையாமல் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். குழாய் விடுவதை என்னால் கற்பனை செய்து பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அந்தச் சின்னத் தொண்டை என் சுண்டுவிரலுக்கே இடம் கொடுக்காத தொண்டை.

அப்போதுதான் நடையின் அந்தக் கோடியில் யாரோ சத்தம் போடுவது கேட்டது.

"பாக்குற நேரம் இல்லன்னா எனக்கு இன்னாய்யா? நான் பாக்க வரல. சொல்ல வந்துக்கிறேன். ஊசி முழுங்குன கொழந்த எங்க இருக்குது, அத்த மட்டும் சொல்லு."

தெரிந்த குரல். தலை நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா, காவல்காரர் நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, நடையில் ஓடிவந்துகொண்டிருந்தார். தலைமுடியெல்லாம் மல்லாட்டைத் தூசி. முந்தானையைச் சுருட்டி எதையோ நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். அவர் அப்படி ஓடிவருவதைப் பார்த்ததும் என் கணவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

அவருக்கு மூச்சு வாங்கியது. முந்தானையைப் பிரித்து, உள்ளே இருந்ததை என் மடியில் வைத்தார். நான் தைத்த பிடிதுணி. அடிப்பக்கம் பால் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. அதன் ஒரு ஓரத்தில், சாக்கு மடிப்புக்குள்ளிருந்து, முனை மட்டும் வெளியே மினுங்கிக்கொண்டிருந்தது என் ஊசி.

"பாத்துக்கோ" என்றார். "நான் உருவல. உருவி எடுத்தாந்தா வேற ஊசின்னு நெனச்சிக்குவே. அப்படியே இருக்குது பாரு, காதுல நூலுகூட இருக்குது."

துணியை விலக்கிப் பார்த்தேன். ஊசிக் காதில் அதே சிவப்பு நூல், அரைவிரல் நீளம். என் வீட்டில் இருந்தது அந்த ஒரு ஊசிதான். அதன் நடுவில் லேசாக ஒரு வளைவு உண்டு. சாக்கில் குத்திக் குத்தி வந்த வளைவு. அந்த வளைவையும் பார்த்தேன்.

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. பால் பொங்கியபோது கையில் தைத்துக்கொண்டிருந்த துணியோடுதான் எழுந்து ஓடியிருக்கிறேன். அதைப் பிடித்தே பாலை இறக்கி, அதன் மேலேயே வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். ஊசி மடிப்புக்குள் நீளவாக்கில் போய்விட்டது. பிள்ளை மென்றுகொண்டிருந்தது கீழே கிடந்த வெறும் நூல்துண்டு.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தால் என்ன சத்தம் வருமோ அந்தச் சத்தம் என்னிடமிருந்து வந்தது. "அக்கா" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அந்த வார்த்தையை நான் சொல்லி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"மொதல்ல டாக்டரம்மாகிட்ட காட்டு" என்று பிள்ளையை அவர் வாங்கிக்கொண்டார்.

டாக்டர் பிடிதுணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறு ஊசி வீட்டில் இல்லை என்று நிச்சயமாகத் தெரியுமா என்று என்னிடம் கேட்டார். தெரியும் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா அந்தப் படத்துல ஒரு கோட்டைப் பாத்துட்டு நான் அப்படியே உங்கள வீட்டுக்கு அனுப்ப முடியாது. இன்னொரு படம் எடுத்துடுவோம். குழந்தை ஆடாம இருந்தா போதும்."

மறுபடியும் அந்த இருட்டு அறை. இந்த முறை அக்காவும் உள்ளே வந்தார். பிள்ளையின் முகத்துக்கு நேராகக் குனிந்து, முன்பு குளிப்பாட்டும்போது சொல்வாரே அதே மாதிரி, "யாரு இது, யாரு இது, என் ராசா எங்க காணோம்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இரண்டு கால்களையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். பிள்ளை அவர் முகத்தையே பார்த்தது. ஒரு மாதமாகக் காணாத முகம் அல்லவா, வாயைத் திறந்துகொண்டு அப்படியே கிடந்தது. படம் எடுத்தாகிவிட்டது என்று அவர்கள் சொன்ன பிறகும் அசையவில்லை.

படம் தயாராகி வருவதற்குள் வீட்டுக்காரம்மாவும் திரும்பி வந்துவிட்டார். மூன்று பேரும் டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் படத்தை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். பிறகு திரும்பினார். சொல்வதற்கு முன்பே அவர் முகத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு" என்றார். பிள்ளையின் கீழுதட்டை இழுத்து ஈறைக் காட்டினார். "ரத்தம் இங்கிருந்து வந்திருக்கு. பல்லு வெளிய வர்ற இடம். நூலை மென்னதுல கீறிட்டிருக்கு. மெட்ராஸுக்கு வேணாம். பால் குடும்மா."

அந்தப் பெஞ்சிலேயே சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டேன். அவன் குடித்த வேகத்தில் அவனுக்கே மூச்சு முட்டியது. ஒரு கையால் என் தாலிச் சரட்டை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான், மறுபடி தள்ளிவிடுவேனோ என்று பயந்தவன் மாதிரி. என் தோள், கழுத்து, கை எல்லாம் அத்தனை நேரம் கல்லாக இறுகியிருந்திருக்கின்றன. அவை ஒவ்வொன்றாக இளகுவது எனக்கே தெரிந்தது. அக்கா எனக்கு மறைவாக முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரம்மா பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் அக்கா நடந்ததைச் சொன்னார். பிள்ளை அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"நீ கத்துனப்போ படி வரிக்கும் வந்தேன். நான் வந்தா நீ இன்னா நெனைப்பியோன்னு நின்னுட்டேன். நீங்க போனப்புறம் மல்லாட்டைய ஒடைக்க உக்காந்தா கை ஓடல. உன் வீடு தெறந்தே கெடந்துச்சு. சரி, தேடுவோம்னு உள்ள போனேன்."

அறை முழுவதும் கூட்டிப் பெருக்கி, அந்தக் குப்பையை முறத்தில் போட்டுப் புடைத்துப் பார்த்திருக்கிறார். சாக்கடைத் தூம்பில் கையை விட்டுத் துழாவியிருக்கிறார். பிறகு நான் தைத்து வைத்திருந்த பிடிதுணிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் தையல் பிரித்து, சாக்கு வரைக்கும் கிழித்துப் பார்த்திருக்கிறார். எதிலும் இல்லை.

"அப்புறம் இன்னா பண்றதுன்னே தெரியல. அழுகையா வந்துச்சு. அந்த நேரம் பூனை பால மோந்துகினு நின்னுச்சு. சரி, பாலயாவது எடுத்து ஒறியில வெப்போம்னு பாத்திரத்தத் தூக்கினா, அடியில துணி ஒட்டிக்கினு வந்துச்சு. அத்தப் பிச்சேன். சுருக்குனு குத்திச்சு." கட்டைவிரலைக் காட்டினார். மல்லாட்டை உடைத்து உடைத்துத் தோல் தடித்திருந்த விரலில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. "குத்துனதுக்கு அவ்ளோ சந்தோசப்பட்டது நானாத்தான் இருப்பேன்."

"சாயந்திரம் நாங்க வந்தப்புறம் சொல்லியிருக்கலாமேக்கா. தெரியாத ஊருக்குத் தனியா வந்திருக்கீங்க" என்றேன். அவர் திண்டிவனத்தைத் தாண்டித் தனியாக எங்கேயும் போனதில்லை என்பது எனக்குத் தெரியும்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், இதைக்கூடக் கேட்க வேண்டுமா என்பது போல. "சாயந்திரம் வரிக்கும் நீ எப்படி உக்காந்துகினு இருப்பே?" என்றார்.

மெட்ராஸுக்கு எழுதிக் கொடுத்த விஷயமே அவருக்குத் தெரியாது. பாலுக்குத் தடை போட்டதும் தெரியாது. ஊசி கிடைத்துவிட்டது, அது கிடைத்தது இன்னும் அவளுக்குத் தெரியாது, அந்த நினைப்பு ஒன்றே அவரை ஓடவைத்திருக்கிறது. உடைத்த பருப்பும் உடைக்காத காயுமாக மூட்டையை முற்றத்திலேயே போட்டுவிட்டு, கையைக் கழுவக்கூட நிற்காமல் உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு ஓடி, எங்களை விழுப்புரத்துக்கு அனுப்பியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பஸ் ஏறியிருக்கிறார்.

தந்தி கிடைத்து என் கணவர் பதறியடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, நாங்களும் வந்து இறங்கியிருந்தோம். பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தான். அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நடந்ததைக் கேட்டுவிட்டு அக்கா வீட்டு வாசலுக்குப் போய் நின்றார். நன்றி சொல்லக் கைகூப்பினார். கூச்சப்பட்ட அக்கா, "போங்க, போயி சாப்புடுங்க" என்று அவரைத் துரத்திவிட்டார்.

உள்ளே போய்ப் பார்த்தால், நான் எத்தனையோ மத்தியானங்கள் உட்கார்ந்து தைத்த பிடிதுணிகள் எல்லாம் கிழிசலும் சாக்கு நாருமாகக் குவிந்து கிடந்தன. அக்கா நிலைப்படியில் நின்று, "உன் வேலையெல்லாம் பாழாக்கிட்டேன்" என்று வருத்தப்பட்டார். எனக்கோ அந்தக் குவியலைவிட அழகான ஒன்றைப் பார்த்ததாக நினைவே இல்லை. ஒரு மடிப்பு விடாமல் பிரித்திருந்தார். அவசரமாகத் தேடுகிற கை அப்படிப் பிரிக்காது. கிடைத்தே தீர வேண்டும் என்று நினைக்கிற கைதான் அப்படிப் பிரிக்கும்.

மறுநாளே புடவையும் சாக்கும் வெட்டி மறுபடி ஆரம்பித்தோம். அக்காவும் ஒரு ஊசி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் தையல் கோணல்மாணலாக ஓடும். அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. தைத்து முடிக்கும்வரை பிள்ளையை வீட்டுக்காரம்மா தூக்கி வைத்துக்கொண்டார், எங்கள் பக்கமே விடவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு நேரத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தோம். நாத்தனாருக்குப் பிடித்திருந்தது. எது யார் தைத்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது என்று சொல்லிச் சிரித்தார்.

சில வருடங்களில் கணவருக்கு விழுப்புரத்தில் வேலை கிடைத்து நாங்கள் வீடு மாறினோம். அந்த ஆஸ்பத்திரி இருந்த வழியாகத்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போவேன். அக்கா குடும்பம் திண்டிவனத்திலேயே இருந்தது. போக்குவரத்து வெகுகாலம் நிற்கவில்லை. என் மகன் கல்யாணத்துக்கு வந்தபோது, மணமேடை என்றும் பார்க்காமல் அவன் கீழுதட்டைப் பிடித்து இழுத்து, "பல்லெல்லாம் ஒழுங்கா வந்துச்சா?" என்று கேட்டு அவனைத் திணறடித்தார்.

எனக்கு உதவி செய்தவர்கள் பலர் உண்டு. கஷ்டத்தில் கூட நின்றவர்களும் உண்டு. அவர்களையெல்லாம் நான் மறந்ததில்லை. ஆனால் அக்கா செய்ததை அந்த வரிசையில் வைக்க எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை. ஊசியைக் கண்டுபிடித்ததோடு அவர் வேலை முடிந்திருந்தது. வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. பேச்சுவார்த்தை இல்லாத ஒருத்தி எங்கோ ஒரு பெஞ்சில் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அந்தப் பயத்துக்கு இனி காரணம் இல்லை, அது அவளுக்கு இந்த நிமிஷமே தெரிய வேண்டும் என்று நினைத்தார் பாருங்கள், அந்த நினைப்புதான் இன்றும் என்னை நிம்மதியாகத் தூங்கவைக்கிறது. நல்ல சேதி ஒன்று என் கைக்கு வந்தால், உரியவரிடம் அதைச் சேர்க்கும்வரை என்னால் உட்கார முடிவதில்லை.